ஆமென் போட்ட தீர்மானம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கதை என்று நினைத்து எழுத உட்காரவில்லை. ஒரு மாத இதழின் ஆசிரியர் போனில் கூப்பிட்டு, "சபைக் கமிட்டியைத் திறம்பட நடத்துறது எப்படின்னு ஒரு கட்டுரை வேணும் சார். பத்து குறிப்பு இருந்தாப் போதும். படம் நாங்க போட்டுக்கிறோம்" என்றார். நான் எந்தக் குழுவையும் நடத்தியவன் அல்ல. என் வீட்டுக் கூட்டங்களுக்கே என் மனைவிதான் தலைமை. அதைச் சொன்னேன். "அதனால என்ன சார், நடத்துறவங்களுக்கு எழுத எங்க நேரம் இருக்கு?" என்றார். மறுக்க முடியாத நியாயம். ஒப்புக்கொண்டேன்.

முதல் குறிப்பு ஒழுங்காகத்தான் வந்தது: "கூட்டத்தைக் குறித்த நேரத்தில் தொடங்குக." இரண்டாவதும் பரவாயில்லை: "எல்லோருக்கும் பேச இடம் கொடுக்க." மூன்றாவது: "ஒரு தீர்மானம் எப்போது தீர்மானமாகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உதாரணமாக, ஒரு சபையில்..."

அந்த "உதாரணமாக"வில் வசமாக மாட்டிக்கொண்டேன். உதாரணத்துக்கு ஒரு சபை வேண்டும். சபைக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவி, தலைவிக்கு ஒரு தலைவலி. என்ன தலைவலி கொடுக்கலாம் என்று யோசித்து, போகிற போக்கில், ஆலயத்தின் மேல்மாடத்தைத் தாங்குகிற உத்தரத்தில் ஒரு விரிசல் என்று எழுதிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. கதையில் விரிசல் என்று ஒன்றை எழுதிவிட்டால் கடைசிப் பக்கத்தில் அது விழுந்தே தீர வேண்டும் என்பது இந்தத் தொழிலின் கெட்ட பழக்கம். அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்த கோட்டுக்குக் கீழே அது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "ஆலய மணியின் ஓசை காலைக் காற்றில்..." [வேண்டாம். மணியோசையில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடி வைத்திருக்கிறேன்.]

இரண்டாம் முயற்சி: "தலைமை தாங்கத் தெரியாத அவள்..." [பொய். அவளுக்கு எல்லாம் தெரியும். பயம்தான்.]

மூன்றாம் முயற்சி: பல் டாக்டரைச் சபைக் குழுவுக்குத் தலைவியாக்கியதற்கு ஒரே காரணம், அவள் யாரோடும் சண்டை போட்டதில்லை என்பதுதான்.

இது இருக்கட்டும்.

அவளுடைய தொழிலில் எதிரே இருக்கிறவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பார், பேச முடியாது. குழுக் கூட்டத்தில் எல்லோரும் வாயைத் திறப்பார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள். இந்த வித்தியாசம் முதல் கூட்டத்திலேயே அவளுக்கு உறைத்தது. குரல் கொஞ்சம் உயர்ந்தாலே அவளுடைய உள்ளங்கை வேர்த்துவிடும். வீட்டில் அப்படியில்லை. வீட்டில் அவளும் அவள் கணவரும் பாத்திரம் கழுவுகிற முறை குறித்துக்கூட அரைமணி நேரம் வாதம் செய்வார்கள். கணவர் சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவர், இசை ஆசிரியர். ஞாயிறுதோறும் மேல்மாடத்தில் நின்று கையை ஆட்டிப் பாடவைப்பது அவர்தான்.

(ஆமாம், அந்த மேல்மாடத்தில்தான். விரிசலை எழுதியபோது அங்கே யார் நிற்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கூரை ஒழுகுகிறது என்று எழுதியிருப்பேன். ஒரு வாளி வைத்தால் முடிந்திருக்கும்.)

3

இந்தச் சபையின் வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

முன்பு ஒரு காலத்தில் இந்தச் சபை ஏதோ ஒரு வாக்கெடுப்பில் இரண்டாக உடைந்தது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். பாதிப் பேர் தெருவின் எதிர்ச்சாரியில் தனியாக ஓர் ஆலயம் கட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு வந்த ஒரு போதகர், இனி இங்கே கை தூக்குவதே கிடையாது என்று சொல்லிவிட்டார். எல்லோரும் பேசலாம். பேசி முடித்ததும் தலைவர் "ஜெபிப்போம்" என்பார். எல்லோரும் கண்ணை மூட வேண்டும். தலைவர் எதைக் கேட்டு ஜெபிக்கிறாரோ அதுதான் தீர்மானம். ஒப்புதல் உள்ளவர்கள் "ஆமென்" சொல்ல வேண்டும், இல்லாதவர்கள் சும்மா இருக்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் கேட்டுவிட்டு ஆமென் சொல்லாமல் இருக்க எந்த விசுவாசிக்கு வாய் வரும்? ஒருவர்கூட இதுவரை சும்மா இருந்ததில்லை. ஆமென் போட்ட காரியத்தைத் திரும்ப எடுப்பதும் இல்லை.

நல்ல வழக்கம்தான். சபை பிறகு உடையவில்லை. கட்டுரையில் இதைப் பாராட்டி நான்கு வரிகூட எழுதி வைத்திருந்தேன்.

4

அந்தக் கூட்டம்.

வரும் ஞாயிறு மூன்று சபைகளின் பாடகர் குழுக்களும் சேர்ந்து பாடப்போகின்றன. மேல்மாடம் நிரம்பும். புதிதாகச் சபைக் குழுவில் சேர்ந்திருந்த பொறியாளர், சின்னப் பெண், கையில் ஒரு படத்தோடு எழுந்து நின்றாள்.

"உத்தரம் சுவத்துக்குள்ள போற இடத்துல விரிசல் விட்டிருக்கு. சோதனை பண்ற வரைக்கும் மேல யாரும் ஏறக் கூடாதுங்க. முட்டு கொடுக்கணும்."

எதிரே கட்டட ஒப்பந்தக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைச் சிமெண்ட் ஐயா என்பார்கள். மேல்மாடத்தைக் கூலி வாங்காமல் கட்டிக் கொடுத்தவர் அவர்.

"பூச்சு விரிசல்மா அது. எந்தக் கட்டடத்துல இல்ல? உங்க வீட்டுல இல்லயா?"

"பூச்சு மாதிரி தெரியலீங்க ஐயா."

"அப்ப நான் கட்டத் தெரியாம கட்டிட்டேன்னு சொல்ற. சபைக்கே மண்ணை வச்சுக் கட்டிக் கொடுத்திருக்கேன். அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொல்லலீங்க. உங்க மேல..."

"வேற எப்படிச் சொல்ற?" அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்தார்கள். யாரோ, "எதிர்ச்சாரிக்குப் போகணும்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார்கள்.

பல் டாக்டருக்கு உள்ளங்கை நனைந்துவிட்டது. சபை தன் கண்முன்னே, தன் தலைமையில், இன்னொரு முறை உடைகிறது என்று நினைத்தாள். அந்தப் பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள்:

"ஜெபிப்போம்."

எல்லோரும் நின்ற இடத்திலேயே கண்ணை மூடினார்கள்.

"ஆண்டவரே, எங்களுக்குள்ள சமாதானத்தைத் தாரும். இந்த ஆலயத்தைத் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை மேல நின்னு பாடுறவங்களையும், கீழ இருந்து கேக்குறவங்களையும் காத்துக்கொள்ளும். ஆமென்."

"ஆமென்" என்றார்கள் எல்லோரும், பொறியாளர் உட்பட.

சிமெண்ட் ஐயா நாற்காலியைத் தூக்கி நிறுத்திவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருமையான தீர்மானம் டாக்டரம்மா. மேல நின்னு பாடட்டும்னு நீங்களே வாயால சொல்லிட்டீங்க."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் எந்தத் தீர்மானமும் எடுக்கவில்லை. சண்டையை நிறுத்தினாள், அவ்வளவுதான். அது தீர்மானமாகிப் பதிவாகிவிட்டது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். எல்லோரும் சிரித்த முகமாகத் தேநீர் குடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

5

[இங்கே சிமெண்ட் ஐயாவைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவர் கெட்டவராக இருந்தார். கலப்படம் செய்தவர், அதை மறைக்கிறவர். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் சீச்சீ என்று இருந்தது. அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபம், அவரைத் திட்டிவிட்டு நீங்களும் நானும் வீட்டுக்குப் போகலாம். அதனால் மாற்றினேன். அவர் நல்ல சிமெண்ட் போட்டுத்தான் கட்டினார். பக்கத்து மனையில் யாரோ ஆழமாகத் தோண்டியிருக்கலாம், அடித்தளம் இறங்கியிருக்கலாம். யார்மேலும் தப்பில்லாமலே உத்தரம் விரிசல் விடும். எனக்குப் பயம் இன்னும் கூடிவிட்டது.]

6

சனிக்கிழமை பிற்பகல் அவள் தனியாக ஆலயத்துக்குப் போனாள். கைப்பையில் வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியும் ஒரு டார்ச்சும் இருந்தன.

மேல்மாடத்துக்கு ஏறும் படிக்கட்டு பாதியில் திரும்புகிறது. திரும்புகிற இடத்தில் உத்தரத்தின் முனை முகத்துக்கு நேராக வரும். அவள் டார்ச்சை அடித்து, கண்ணாடியை விரிசலுக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தாள். பல்லில் விரிசலைப் பார்த்துப் பழகிய கண். பழைய விரிசல் என்றால் தேநீரும் வெற்றிலையும் ஊறிப் பழுப்பேறியிருக்கும். புதிது என்றால் உள்ளே சுத்தமாக வெள்ளையாக இருக்கும்.

விரிசலின் ஒரு பாதியில் தூசியும் ஒட்டடையும் இருந்தன. மறுபாதி வெளுப்பாக, சுத்தமாக இருந்தது. நேற்றுப் பெருக்கிய படிக்கட்டில் புதிதாக மாவு மாதிரி கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது.

அவள் அதை விரலால் தொட்டாள். வளர்கிறது. கட்டடத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வளர்கிற விரிசல் நிற்காது என்பது தெரியும். படியில் உட்கார்ந்துவிட்டாள். தன் வாயால் "மேல நின்னு பாடுறவங்க" என்று சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அங்கிருந்தே பொறியாளருக்குப் போன் செய்தாள்.

"புதுசா விட்டிருக்கும்மா. நான் பார்த்துட்டேன்."

"தெரியும் மேடம். நானும் பாஸ்டர்கிட்ட மறுபடி சொன்னேன். ஆமென் போட்டாச்சே, நீயும்தானே சொன்னன்னு கேட்டார்."

"நீ ஏம்மா சொன்ன?"

"வாய் தானா சொல்லிடுச்சு மேடம். சின்ன வயசுலேருந்து பழக்கம்" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

(மாடப் படிக்கட்டைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நானும் எழுதிப் பார்த்தேன். ஒரு ஆலயத்தில் ஒரு சாவிக்கு எத்தனை நகல்கள் உண்டு என்று உள்ளே புழங்குகிறவர்களைக் கேளுங்கள். சிமெண்ட் ஐயாவின் இடுப்பிலேயே ஒன்று தொங்குகிறது.)

7

வீட்டுக்கு வந்தாள். கணவர் சாப்பாட்டு மேசையில் பாட்டுத் தாள்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஒரு மெட்டு.

"நாளைக்கு நீங்க மேல ஏற வேண்டாம்."

"ஏன்?"

"அது விழுந்துடும்னு பயமா இருக்கு."

அவர் தாள்களைக் கீழே வைத்தார். "நீதானே ஆமென் போட்ட?"

"சண்டை வந்துச்சு, பயந்துட்டேன். நான் அதைத் தீர்மானம்னு நினைச்சுச் சொல்லலீங்க. உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க. ஒரே ஒரு நாள்."

"சரி. நான் ஏறல. மத்தவங்க?"

அவள் ஒரு தாளை எடுத்து அடுக்கின்மேல் வைத்தாள்.

"என்னை மட்டும் இறங்கச் சொல்றியா, எல்லாரையும் இறங்கச் சொல்றியா? முதல்ல அதைச் சொல்லு. என்னை மட்டும்னா நான் ஏறித்தான் நிப்பேன். பொண்டாட்டி சொன்னதால நான் தப்பிச்சு, என் பின்னாடி நின்னு பாடுற பிள்ளைங்க... அதை நான் எப்படிம்மா தாங்குவேன்?"

"எல்லாரையும் இறங்கச் சொன்னா சபை உடைஞ்சிடும்."

"எது உடையறது பரவாயில்லன்னு நீதான் சொல்லணும். நீதானே தலைவி."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு மறுபடியும் தாள்களை எடுத்தார். அடுக்கி முடித்த தாள்களையே அவர் திரும்பக் கலைத்து அடுக்குவதை அவள் பார்த்தாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சிமெண்ட் ஐயா வீட்டுக்கும் போனாள். அவர் கதவைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் கேட்கும் முன்பே சொன்னார்: "டாக்டரம்மா, போன தடவை உடைஞ்சப்போ எதிர்ச்சாரிக்குப் போனது என் தம்பி. அவன் செத்ததுக்குக்கூட எனக்கு யாரும் சொல்லல. மறுபடி அந்த மாதிரி ஒண்ணை நான் பார்க்க மாட்டேன். ஆமென் போட்டதைப் பிரிக்காதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

உண்மையிலேயே கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பி வந்துவிட்டாள்.

8

கட்டுரை என்ன ஆச்சு என்று ஆசிரியர் கேட்டார். வந்துகொண்டே இருக்கிறது என்றேன். சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: பாடுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். [இது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. படித்துப் பார்த்தால், பயந்தவள்தான் முட்டாள் என்று கதை சொல்கிறது. அடுத்த ஞாயிறும் ஏறுவார்கள். அடுத்த ஞாயிறை எழுத எனக்குத் தைரியம் இல்லை.]

இரண்டு: இரண்டாவது பாட்டின் மூன்றாவது அடியில்... [இல்லை. இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அப்படி ஒரு சத்தத்தை விவரிக்க எனக்கு வார்த்தை தெரியும், அதை நினைத்தால்தான் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.]

மூன்று: சனிக்கிழமை, ஆளில்லாத நேரத்தில், தானாக விழுந்துவிடுகிறது. யாருக்கும் ஒன்றுமில்லை, எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். [கடவுளைக் கூலிக்கு அமர்த்திக்கொள்கிற வேலை. அவள் செய்ததையே நானும் செய்வதாகிவிடும்.]

9

ஆக, ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. நான் தள்ளிப் போட்டுப் பார்த்தேன், முடியவில்லை.

ஆலயம் நிறைந்திருந்தது. மூன்று சபைகளின் பாடகர்களும் ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு படியேறினார்கள். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஒவ்வொரு தலையாக உத்தரத்தைக் கடந்து போனது. கணவர் கடைசியாக ஏறினார். ஏறும் முன் அவளைத் தேடிப் பார்த்து, பழக்கமாகத் தலையை அசைத்தார்.

எப்போதும் முன்வரிசையில் உட்காருகிற சிமெண்ட் ஐயா அன்று பின்னால் போய், மேல்மாடத்துக்கு நேர் கீழே நாற்காலி போட்டு, மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று சபைக்குக் காட்டுகிறார். நெஞ்சை நிமிர்த்தித்தான் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு தடவை மட்டும் மேலே பார்த்தார். அதை அவள் கவனித்துவிட்டாள். அவருக்கும் பயம்தான்.

போதகர் ஒலிபெருக்கியில் சொன்னார்: "ஆரம்ப ஜெபத்தை நம்ம சபைக் கமிட்டித் தலைவி ஏறெடுப்பாங்க. எல்லாரும் எழுந்து நிப்போம்."

எழுந்தார்கள், கீழேயும் மேலேயும். மேலே அத்தனை பேர் ஒரே நேரத்தில் எழுந்தபோது பலகைத் தரை முனகியது. எப்போதும் முனகுகிற முனகல்தான். அவள் மட்டும் நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

ஒலிபெருக்கி கைக்கு வந்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவள் மூடவில்லை. இந்த ஆலயத்தில் கண்ணைத் திறந்துகொண்டிருப்பவள் தான் ஒருத்திதான் என்று அவளுக்குத் தோன்றியது.

(இந்த இடத்தில் அவளுக்கு ஒரு நல்ல வசனம் எழுதி வைத்திருந்தேன். தலைமைப் பண்பு பற்றி. அவள் அதைச் சொல்லவில்லை.)

"ஆண்டவரே" என்றாள். "எனக்குப் பயமா இருக்கு."

முதல் வரிசையில் யாரோ லேசாகச் செருமினார்கள்.

"அன்னைக்குக் கூட்டத்துல நான் ஜெபம் பண்ணல. சண்டைய நிறுத்தினேன். அதுக்கு உம்ம பேரை எடுத்துக்கிட்டேன். நான் தீர்மானம் எடுக்கல ஆண்டவரே. எல்லாரும் எடுத்ததா நினைச்சுட்டாங்க, நான் சும்மா இருந்துட்டேன். அந்த உத்தரத்துல விரிசல் வளருது. நான் கண்ணால பார்த்தேன். கட்டினவர் மேல தப்பில்ல. யார் மேலயும் தப்பில்ல. மேல நிக்கிற எல்லாரும் இறங்கி வரணும். இப்பவே வரணும், ஓடாம, ஒவ்வொருத்தரா. ஐயாவும் அம்மாவும் அந்த இடத்தைவிட்டு எழுந்து வரணும். இதுதான் நான் கேக்குறது. இதனால சபை உடைஞ்சா அது என் தலைமேல இருக்கட்டும்."

மூச்சு வாங்கியது. பிறகு வழக்கப்படி சொன்னாள்: "ஆமென்."

யாரும் சொல்லவில்லை.

அந்தச் சபையின் வரலாற்றில் முதல் தடவையாக ஒரு ஜெபத்துக்குப் பதில் வரவில்லை. வழக்கப்படி, ஆமென் இல்லையென்றால் தீர்மானமும் இல்லை. ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். போதகர் சிமெண்ட் ஐயாவைப் பார்த்தார். சிமெண்ட் ஐயாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பொறியாளர் எழுந்து நின்ற இடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மேலே, கைப்பிடிச் சுவருக்குப் பின்னால், அவள் கணவர் பாடகர்கள் பக்கம் திரும்பியிருந்தார். அவர் கை பாதி தூக்கியபடி நின்றது.

அடுத்த வரியை நான் எழுதப்போவதில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரிடம் கட்டுரை வராது என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம் திட்டினார்.

நீங்கள் எழுதுங்கள். யார் முதலில் ஆமென் சொல்கிறார்கள், அல்லது யாருமே சொல்லவில்லையா, அந்தக் கை எந்தப் பக்கம் அசைகிறது, எல்லாம் உங்கள் இஷ்டம். நான் குறுக்கே வர மாட்டேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எழுதத் தொடங்கும் முன், அந்த மேல்மாடத்தில் உங்கள் வீட்டு ஆள் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள்.

நான் என் மகளை நிறுத்தினேன். இரண்டாவது வரிசையில், இடது ஓரத்தில் நிற்கிறாள். அதற்குப் பிறகு எனக்குக் கை ஓடவில்லை.